யாழ்ப்பாணத்தில் ஊடகமும் சமூகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் சனசமூக நிலைய வாசிகசாலையைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். உயர்தர வகுப்பில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கும் பிள்ளைகள் ஒப்படைக்காக வந்து கேட்பவையும், விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருவோர் கேட்பவையும், காலையில் பத்திரிகை பார்க்க வரும் முதியவர்கள் தமக்குள் விவாதிப்பவையும் பெரும்பாலும் ஒரே கேள்விகளாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். ஒரு ஊடகம் சமூகத்தில் எவ்வளவு தாக்கம் செலுத்தியது என்பதை எத்தனை பிரதிகள் விற்றன என்பதைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. அதை வாசித்தவர்களும் கேட்டவர்களும் அதற்கு மறுமொழி சொல்ல முடிந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். இந்தப் பதில்கள் எல்லாவற்றிலும் அந்த ஒரே அளவுகோலையே கையில் வைத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தின் ஊடக வரலாறு உதயதாரகைப் பத்திரிகையுடன் தொடங்குகிறது என்று சொல்லலாமா?

பத்திரிகை வரலாறு அங்கே தொடங்குகிறது என்றால் சரி. ஊடக வரலாறு என்றால், அதற்கு முன்பே ஊருக்குள் செய்தியும் கருத்தும் பரவும் வழிகள் இருந்தன. அரச கட்டளையைப் பறையறைந்து அறிவித்தார்கள். நாட்டுக்கூத்து இரவு முழுவதும் ஒரு கதையை ஊர் மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கியது. பனையோலை ஏடு படித்தவர் வீட்டில் இருந்தது.

இவற்றில் நான் மிக முக்கியமானதாகக் கருதுவது புராணபடனம். கோயில் மண்டபத்தில் ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். அருகில் இருப்பவர் அதைப் பதம் பிரித்துப் பொருள் சொல்வார். பொருளில் பிழை இருந்தால் கேட்டுக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவர் இடையில் மறித்துத் திருத்துவார். எழுத்தறியாதவர்களும் அந்தச் சபையில் இருந்தார்கள், செய்யுள் அவர்களுக்கும் மனப்பாடமாக இருந்தது. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டு, கேட்டவர்கள் கேள்வி எழுப்பும் இந்தப் பழக்கமே பின்னர் பத்திரிகை வந்தபோது திண்ணைகளிலும் வாசிகசாலைகளிலும் தொடர்ந்தது என்பது என் எண்ணம். அந்தச் சபைக்குள் எல்லாச் சாதியினரும் ஒரே இடத்தில் இருக்க அனுமதிக்கப்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அமெரிக்க மிஷனரிமார் 1816 இலேயே வந்துவிட்டார்கள். பத்திரிகை வருவதற்கு ஏன் கால் நூற்றாண்டு சென்றது?

அவர்கள் முயலாமல் இருக்கவில்லை. ஜேம்ஸ் கறற் என்ற அச்சாளர் 1820 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். ஆனால் அக்காலத்தில் ஆட்சிப் பொறுப்பில் இருந்த எட்வேட் பாண்ஸ், அமெரிக்கர் மேலும் இங்கு தங்குவதை விரும்பாது, அவரை நாட்டை விட்டு வெளியேறுமாறு உத்தரவிட்டார். கறற் பம்பாய்க்குப் போய்விட்டார். ஒரு மனிதரைத் திருப்பி அனுப்பினால் அச்சுத் தொழிலையே பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம் என்பதை அதிகாரம் அன்றே அறிந்திருந்தது. 1830களில் அந்தத் தடை நீங்கிய பின்னரே ஈஸ்ட்மன் மைனர் என்ற அச்சாளர் வந்தார், மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் முழுமையாக இயங்கத் தொடங்கியது. மானிப்பாய் அகராதி என்று இன்றும் அழைக்கப்படும் தமிழ் அகராதி 1842 இல் அங்கிருந்தே வெளிவந்தது.

உதயதாரகையில் அப்படி என்ன எழுதினார்கள்?

1841 ஜனவரி 7 ஆம் திகதி முதல் இதழ் வெளிவந்தது. தமிழும் ஆங்கிலமும் ஒரே தாளில் இருந்தன. ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற இருவர் அதன் முதல் ஆசிரியர்கள். பெயரைப் பார்த்து இவர்களை வெள்ளையர் என்று மாணவர்கள் ஒவ்வொரு முறையும் எழுதிவிடுகிறார்கள். இருவரும் அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த தமிழர். பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளர்களின் பெயரை அப்பிள்ளைகளுக்கு இடுவது அங்கு வழக்கமாக இருந்தது.

மதப் பிரசாரம் அதன் நோக்கங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் வானியல், பூகோளம், நோய் தடுப்பு, கல்வி, உள்ளூர்ச் செய்தி, அரச அறிவித்தல் எல்லாம் அதில் இருந்தன. வாசகர் கடிதங்களும் வந்தன, அவற்றுள் எதிர்க்கருத்துகளும் இருந்தன. பேரண்டம், குருதியோட்டம், தொற்றுநோய் போன்றவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்வியை இங்கு முதலில் எதிர்கொண்டவர்கள் இந்தப் பத்திரிகைக்காரரும், 1847 இல் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த டொக்டர் சாமுவேல் கிறீனும் அவருடைய மாணவர்களுமே. செய்யுளில் தேர்ந்திருந்த ஊர், நாளாந்த விடயங்களை உரைநடையில் எழுதிப் பழகியது இந்தத் தாள்களின் வழியாகத்தான்.

சைவ, கிறிஸ்தவ விவாதம் சமூகத்தைப் பிரித்தது என்கிறார்கள். ஊடகம் அங்கே தீமைதானே செய்தது?

இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனெனில் யாழ்ப்பாணத்தின் அச்சுப் பண்பாடு முழுவதும் இந்த விவாதத்திலிருந்தே முளைத்தது.

மிஷனரிமாரின் அச்சகம் துண்டுப்பிரசுரங்களை வீடு வீடாக அனுப்பியபோது சைவர்களிடம் அச்சு இயந்திரம் இல்லை. 1842 இல் வண்ணார்பண்ணையில் கூடிய சைவப் பெரியோர், பாடசாலையும் அச்சகமும் தமக்கு வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். நல்லூர் ஆறுமுக நாவலர் அப்போது ஏறக்குறைய இருபது வயது இளைஞர். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரிடம் விவிலியத் தமிழாக்கத்தில் உதவிக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பின் நூலை வரிக்கு வரி அறிந்த ஒருவர் பின்னர் மறுமொழி எழுத அமர்ந்தார் என்பதே இந்த வரலாற்றின் சுவையான பகுதி. 1847 இன் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தொடர் பிரசங்கத்தைத் தொடங்கினார். வாரந்தோறும் பேசுவது என்ற அந்த முறையே பாதிரிமாரிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான். 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849 இல் அச்சு இயந்திரம் வாங்க இந்தியாவுக்குப் போனார், அந்தப் பயணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் வழங்கியது. திரும்பி வந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையைத் தொடங்கினார். பாலபாடமும் பெரியபுராண வசனமும் இந்த முயற்சியின் விளைவுகள். பிள்ளைகள் வாசிக்கத்தக்க எளிய வசனமும், முறையான நிறுத்தக் குறிகளும், பிழையற்ற பதிப்பும் வேண்டும் என்ற பிடிவாதம் அவரிடம் இருந்தது.

ஆகவே, இந்த விவாதம் கசப்பை விதைத்தது. இருதரப்பும் கடுஞ்சொல் எழுதின. ஒரே குடும்பத்துக்குள்ளேயே பிளவு வந்தது. அதே வேளை, ஒருவர் அச்சிட்டதற்கு மற்றவர் அச்சிட்டே பதில் சொல்ல வேண்டிய நிலை உருவானதால் பாடசாலைகள் பெருகின, அச்சகங்கள் பெருகின, ஆதாரம் காட்டி எழுதும் பழக்கம் வளர்ந்தது. 1876 இல் கத்தோலிக்கரின் பாதுகாவலனும், 1889 இல் சைவ பரிபாலன சபையின் இந்துசாதனமும் வந்தபோது, யாழ்ப்பாணத்து வாசகர் ஒரே நிகழ்ச்சியை மூன்று தரப்பின் எழுத்தில் படித்துத் தாமே தீர்மானிக்க முடிந்தது. அக்காலத்தில் மிகச் சிறியதாக இருந்த ஒரு பட்டினத்துக்கு இது பெரிய வாய்ப்பு என்றே நான் நினைக்கிறேன்.

அந்தப் பத்திரிகைகளில் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் இடம் இருந்ததா?

மிகக் குறைவு. அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதினார்கள். உடுவில் மகளிர் பாடசாலை 1824 இலேயே தொடங்கி எழுத்தறிந்த பெண்களின் தலைமுறைகளை உருவாக்கியிருந்தும், பெண் ஒருவர் ஆசிரியராக இருந்து இதழ் நடத்துவது 1923 இல் மங்களம்மாள் மாசிலாமணி தமிழ்மகளைத் தொடங்கியபோதுதான் கைகூடியது. சீதனம், பெண் கல்வி, வாக்குரிமை ஆகியவை அதில் பேசப்பட்டன.

சாதியைப் பொறுத்தவரை இன்னும் நாட்கள் சென்றன. தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழையும் உரிமைக்காக மக்கள் போராடிக்கொண்டிருந்த 1960களில், முடிதிருத்தும் தொழிலாளியான டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் மல்லிகை என்ற இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கினார். கஸ்தூரியார் வீதியில் அவருடைய சலூன்தான் தொடக்கத்தில் அதன் காரியாலயமும். இதழைக் கையில் எடுத்துக்கொண்டு தாமே வாசகரிடம் சென்று விற்பார். தாழ்ந்தவர் என்று ஊர் சொன்ன ஒருவரின் வாசலுக்குப் பேராசிரியர்களும் கவிஞர்களும் தம் எழுத்தைப் பிரசுரிக்கக் கொடுக்கப் போனார்கள். நானூறு இதழ்களைத் தாண்டிய அந்தச் சஞ்சிகையின் உள்ளடக்கத்தை எவரும் ஆராயலாம். எனக்கு அந்தச் சலூன் வாசலே பெரிய செய்தியாகத் தெரிகிறது.

வாசிகசாலைகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்கிறீர்கள்?

ஒரு வீட்டுக்கு ஒரு பத்திரிகை வாங்கும் வசதி மிகச் சிலருக்கே இருந்தது. சந்தியில் ஓலைக் கொட்டிலோ சிறு கல்வீடோ கட்டி, ஊரவர் சந்தா சேர்த்து இரண்டு மூன்று பத்திரிகைகளை எடுத்தால் நூறு பேர் வாசித்தார்கள். நடுவில் நீண்ட மேசை, இருபுறமும் வாங்கு. பத்திரிகையின் தாள்களைப் பிரித்து, ஒருவர் முதற்பக்கத்தையும் மற்றொருவர் விளையாட்டுப் பக்கத்தையும் எடுத்துக்கொள்வார்கள். கண் தெரியாத முதியவர் ஒருவருக்காக ஒரு பையன் உரத்து வாசிப்பான், அவன் உச்சரிப்பைத் திருத்தும் பொறுப்பைப் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். நானும் எட்டு வயதில் அப்படித்தான் ‘பாராளுமன்றம்’ என்ற சொல்லைப் பிழையின்றிச் சொல்லப் பழகினேன்.

யாழ்ப்பாணப் பொது நூலகமும் இப்படித்தான் பிறந்தது. க. மு. செல்லப்பா என்பவரின் முயற்சியால் 1934 இல் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை ஒன்றில், 844 நூல்களோடும் ஏறக்குறைய முப்பது பத்திரிகை, சஞ்சிகைகளோடும் அது தொடங்கியது. 1959 இல் பெரிய கட்டடத்தில் திறக்கப்பட்டது.

பத்திரிகை என்றால் கொழும்புதான். ஈழகேசரியும் ஈழநாடும் ஏன் இங்கே தேவைப்பட்டன?

வீரகேசரி 1930 இலும் தினகரன் 1932 இலும் கொழும்பில் தொடங்கின. அவை இரவுப் புகைவண்டியில் ஏறி மறுநாள் யாழ்ப்பாணம் வந்தன. தலைநகரின் கண்ணில் பெரிதாகத் தெரிந்தவை அவற்றின் முதற்பக்கத்தில் இருந்தன. வெங்காய விலை வீழ்ந்ததும், மிளகாய்க் கன்று பட்டுப்போனதும், ஒரு கிராமப் பாடசாலையின் கூரை பறந்ததும் உள்ளே ஒரு மூலையில் கிடந்தன.

குரும்பசிட்டி நா. பொன்னையா 1930 இல் சுன்னாகத்திலிருந்து ஈழகேசரியை வார இதழாகத் தொடங்கினார். சந்தைக்கு வரும் விவசாயியும், ஆசிரியரும், புதிதாக எழுதத் தொடங்கிய இளைஞனும் அதன் வாசகர்கள். அதன் ஆசிரியர்களுள் ஒருவரான சோ. சிவபாதசுந்தரமே பின்னர் இலண்டனில் பி.பி.சி. தமிழ் ஒலிபரப்புக்குத் தமிழோசை என்ற பெயரைச் சூட்டியவர். இலங்கையின் நவீன சிறுகதையும் கவிதையும் வளர்ந்த முற்றம் அது, 1958 வரை நீடித்தது. அது நின்ற மறு ஆண்டில் ஈழநாடு வார இதழாகப் பிறந்து 1961 இல் நாளிதழாயிற்று. கொழும்புக்கு வெளியே ஒரு நாளிதழ் நிலைத்து நிற்கும் என்று அக்காலத்தில் பலர் நம்பவில்லை. சிரித்திரன் என்ற நகைச்சுவைச் சஞ்சிகையை 1963 இல் தொடங்கிய சிவஞானசுந்தரம் வரைந்த கேலிச்சித்திரப் பாத்திரங்களான சவாரித்தம்பரையும் சின்னக்குட்டியையும் இந்த இடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஊரின் படாடோபத்தையும் சீதனப் பேராசையையும் யாழ்ப்பாணத்தான் வாயாலேயே சொல்லவைத்த கோடுகள் அவை.

வானொலியின் தாக்கம் பத்திரிகையை விடப் பெரியதா?

பரப்பில் பெரியது. கொழும்பில் 1925 டிசம்பரில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. எழுத்தறிவு என்ற வாசலைக் கடக்காமலே எல்லோரும் அதற்குள் போக முடிந்தது. எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்கள் பாக்கு நீரிணையைக் கடந்து தமிழ்நாட்டு வீடுகளிலும் ஒலித்தன. யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் அமைந்த வானொலி நாடகங்கள், தம் வீட்டுப் பேச்சும் மேடைக்குரியதே என்ற நம்பிக்கையை மக்களுக்குக் கொடுத்தன. ஆனால் வானொலி அரசின் கையில் இருந்தது. நேயர் கடிதம் எழுதிப் பாட்டுக் கேட்கலாம், செய்திக்கு மறுமொழி சொல்ல வழி இருக்கவில்லை.

1981 இல் உண்மையில் எவை எரிந்தன?

மே 31 இரவிலும் ஜூன் 1 ஆம் திகதியிலும் நடந்த வன்செயலில் ஏறக்குறைய 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் கொண்ட பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஈழநாடு அலுவலகமும் அச்சகமும் அதே நாட்களில் எரிக்கப்பட்டன. நூலகத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், பத்திரிகை அலுவலகம் ஒரு வரியில் கடந்துபோகிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்: ஒன்று ஒரு சமூகத்தின் நினைவு, மற்றது நடந்ததை மறுநாள் காலையில் அச்சமூகத்துக்கே சொல்லக்கூடிய குரல். இரண்டும் ஒருசேர எரிந்ததால், எரிந்தது என்ற செய்தியை அச்சிட்டுச் சொல்லவும் உள்ளூரில் நாளிதழ் இல்லாமற் போயிற்று. கத்தோலிக்கக் குருவும் பன்மொழி அறிஞருமான தாவீது அடிகளார், எரியும் நூலகத்தைப் பார்த்த அதிர்ச்சியில் உயிர்விட்டார்.

மின்சாரமும் தாளும் இல்லாத 1990களில் செய்தி எப்படிக் கிடைத்தது?

இதைக் கேட்கும் பிள்ளைகள் நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பார்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் புகைவண்டி நின்றது, மின்சாரம் நின்றது. பற்றரி, எரிபொருள் முதலியவை தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. அச்சுத் தாள் வருவது அரிதானபோது பத்திரிகைகள் பாடசாலை அப்பியாசக் கொப்பியின் கோடிட்ட தாளில் அச்சாகின. செய்தியின் எழுத்துக்கு நடுவே நீலக் கோடுகள் ஓடும். பக்கங்கள் சுருங்கின, மரண அறிவித்தல்கள் மட்டும் சுருங்கவில்லை. 1985 நவம்பரில் தொடங்கிய உதயனும் வேறு சில பத்திரிகைகளும் இந்த நிலையிலேயே ஓடின.

வானொலியைச் சைக்கிள் இயக்கியது. எங்கள் வீட்டில் சைக்கிளை நிலையில் ஏற்றி, டைனமோவைப் பின் சில்லோடு பொருத்தி, அதிலிருந்து இரண்டு வயர்களை வானொலிப் பெட்டிக்கு இழுத்திருந்தோம். இரவு ஒன்பது மணிக்குப் பின் தமிழோசை தொடங்கும். அண்ணனும் நானும் மாறி மாறி மிதிப்போம். மிதி தளர்ந்தால் இலண்டன் குரலும் தளர்ந்து இழுபடும். அப்போது ஜாம் போத்தல் விளக்கின் பக்கத்தில் இருக்கும் அயலவர் எல்லோரும் ஒரே குரலில் ‘மிதி, மிதி’ என்பார்கள். மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியையும் அப்படியே கேட்டோம். செய்தி முடிந்தபின் ஒருவரும் உடனே எழுந்து போகமாட்டார்கள். கொழும்பு வானொலி சொன்னது இது, இலண்டன் சொன்னது இது, இங்கே சொல்லப்படுவது இது, பருத்தித்துறையிலிருந்து இன்று வந்தவர் கண்டது இது என்று நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடந்தது எதுவாக இருக்கலாம் என்று எடைபோடுவார்கள். எந்தப் பாடநூலும் எனக்கு அதைவிட நன்றாகச் செய்தியைச் சோதிக்கக் கற்றுத்தரவில்லை.

அந்தத் திண்ணையில் பேசாமல் விடப்பட்டவையும் இருந்தன. ஆயுத இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த அக்காலத்தில் அதற்கு எதிரான கருத்து அச்சில் வர முடியாது. வீட்டுக்குள்ளும் குரலைத் தாழ்த்தியே பேசினோம்.

யாழ்ப்பாணத்தில் ஊடகவியலாளர்களுக்கு நேர்ந்தவை பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1983 ஜூலையில் சற்றடே றிவியூ என்ற யாழ்ப்பாணத்து ஆங்கில வார இதழ் அரசால் தடைசெய்யப்பட்டது. 1987 ஒக்டோபரில் இந்திய அமைதி காக்கும் படையினர் ஈழமுரசு, முரசொலி ஆகிய பத்திரிகைகளின் அச்சகங்களைத் தகர்த்தார்கள். பி.பி.சி.க்குச் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு தம் வீட்டில், செய்தி எழுதும் மேசையில் இருந்தபோது கொல்லப்பட்டார். 2006 மே 2 ஆம் திகதி, உலக பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முந்திய நாள் மாலையில், உதயன் அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாளும் பத்திரிகை வந்தது.

அரசு, வெளிநாட்டுப் படை, இயக்கங்கள், துணை ஆயுதக் குழுக்கள் என எத்தரப்பும் இந்த வரலாற்றில் கை கழுவ முடியாது. இவை யாவும் மறுமொழி எழுதக்கூடியவர்கள் மீது, மறுமொழி எழுத விரும்பாதவர்கள் செய்தவை. நீதி இன்னும் கிடைக்கவில்லை.

மரண அறிவித்தலும் கல்வெட்டும் ஊடகம் என்ற வகைக்குள் வருமா?

கட்டாயம் வரும். இதை ஒப்படையில் சேர்க்கும்படி ஒவ்வொரு மாணவருக்கும் சொல்கிறேன். எங்கள் பத்திரிகைகளில் முதலில் வாசிக்கப்படும் பக்கம் பெரும்பாலும் அதுதான். ‘இன்னார் காலமாகிவிட்டார், அன்னார் இன்னாரின் மகனும், இன்னாரின் அன்புக் கணவரும்’ என்று தொடங்கி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் வரை வரும் அந்தப் பத்தி ஒரு குடும்பத்தின் வரைபடம். அதில் அடைப்புக்குறிக்குள் வரும் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: 1970களில் கொழும்பு, கண்டி, 1980களின் பின் கனடா, இலண்டன், பிரான்சு, சுவிஸ். இடப்பெயர்வின் வரலாறு முழுவதும் அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

கல்வெட்டு என்பது இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியையன்று வழங்கப்படும் நினைவு நூல். இறந்தவரின் படம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, தேவாரத் திரட்டு ஆகியவை அதில் இருக்கும். தபாலதிபராகவோ தோட்டக்காரராகவோ வாழ்ந்து மறைந்த ஒருவரின் வாழ்க்கை வேறு எங்கும் அச்சில் வந்திராது. ஒரு கிராமத்தின் முதல் பாடசாலையைக் கட்டியவர் யார், கிணற்றை வெட்டியவர் யார் என்பதைக் கல்வெட்டிலிருந்தே நான் பலமுறை கண்டுபிடித்திருக்கிறேன்.

தொலைக்காட்சி?

ரூபவாகினி 1982 இல் தொடங்கியது. தமிழுக்கு ஒதுக்கிய நேரம் குறைவு. இங்கே உயர்ந்த அன்ரனாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பி நின்றன. ஜெனரேற்றரோடு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் விடிய விடியப் படம் போட்டதை ஊர் மறக்கவில்லை. உள்ளூர் வாழ்வைப் பற்றி இங்குள்ளவர்களிடமிருந்தே காட்சி வருவது போருக்குப் பின்னர்தான் பெருகியது.

இன்று எல்லாம் கைத்தொலைபேசியில் வருகின்றன. வாட்ஸ்அப்பில் வருவதை எப்படி நம்புவது?

2022 இல் எரிபொருள் வரிசை நீண்டிருந்த நாட்களில், ஒரு நிலையத்துக்கு எரிபொருள் ஏற்றிய பவுசர் வருகிறது என்று குரல்பதிவு ஒன்று எங்கள் ஊர்க் குழுவில் வந்தது. நாற்பது பேர் இரவோடு இரவாகப் போய் விடியும்வரை நின்றார்கள். பவுசர் வரவில்லை. அந்தப் பதிவு முந்திய வாரத்தது, வேறு மாவட்டத்தது. அதைப் பேசியவர் பொய் சொல்லவில்லை, அவருடைய இடத்தில் அன்று பவுசர் வந்திருக்கலாம். திகதியும் இடமும் உரித்தெடுக்கப்பட்டதால் உண்மை பொய்யாயிற்று.

உதயதாரகையில் பிழை வந்தால் மானிப்பாய்க்குக் கடிதம் எழுதலாம். இந்தக் குரல்பதிவுக்கு எந்த முகவரிக்கு எழுதுவது? ஆகவே வாசிகசாலையில் நாங்கள் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறோம். ஊர்க் குழுவில் வரும் சந்தேகமான செய்தியைப் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதுவார்கள்: யார் முதலில் சொன்னது, எங்கே, எப்போது, வேறு எவர் சொல்கிறார். மூன்று கட்டங்கள் வெறுமையாக இருந்தால் அதைப் பகிர்வதில்லை. பிழை என்று தெரிந்தால், எந்தக் குழுவில் வந்ததோ அதே குழுவில், அனுப்பியவரை நோகடிக்காமல், திருத்தத்தைப் போடுவது. முதல் மாதம் சிலர் கோபித்துக்கொண்டார்கள். இப்போது அவர்களே ‘தம்பி, இது உண்மையோ பாருங்கோ’ என்று கேட்டு அனுப்புகிறார்கள்.

இணையவழிப் பொய்களைத் தடுக்க 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்திருக்கிறது. எது பொய் என்று தீர்மானிக்கும் பெரும் அதிகாரத்தை அது ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கிறது. அச்சாளர் ஒருவரைத் திருப்பி அனுப்பிய ஊரில் இருந்துகொண்டு என்னால் அதை நிம்மதியாக வரவேற்க முடியவில்லை.

பத்திரிகையில் எங்களைப் பற்றித் தவறாக வந்தால், அல்லது ஓர் அரச அலுவலகம் தகவல் தர மறுத்தால், சாதாரண மக்கள் என்ன செய்யலாம்?

முதலில் ஆசிரியருக்கு எழுத்தில், திகதியும் பக்கமும் குறிப்பிட்டு, எது பிழை, எது சரி என்று சுருக்கமாக அனுப்புங்கள். திருத்தம் வராவிட்டால், பத்திரிகைத் துறையினரே 2003 இல் அமைத்த இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

அரச தகவலுக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. பிரதேச சபை உங்கள் வீதிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று கேட்க நீங்கள் செய்தியாளராக இருக்க வேண்டியதில்லை, காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. எங்கள் மாணவி ஒருத்தி தன் பாடசாலைக்குப் போகும் ஒழுங்கையின் மின்விளக்குகள் பற்றிக் கேட்டுப் பதில் பெற்றாள். அந்தக் கடிதம் வாசிகசாலைப் பலகையில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

வீட்டுப் பரணில் பழைய பத்திரிகைகளும் கல்வெட்டுகளும் இருக்கின்றன. எரித்துவிடலாமா?

தயவுசெய்து எரிக்க வேண்டாம். 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம், இப்படி வீடுகளில் தப்பியிருந்தவற்றைப் படியெடுத்தே வளர்ந்தது. 1981 இல் எரிந்தவற்றுள் சிலவற்றின் வேறு பிரதிகள் யாரோ ஒருவரின் பெட்டகத்தில் இருந்தே திரும்பக் கிடைத்தன. உங்கள் பரணில் இருக்கும் ஒற்றை இதழ், தொகுப்பில் விடுபட்டுள்ள இதழாக இருக்கலாம்.

பத்திரிகைத் தாள் தானாகவே மஞ்சளித்து நொறுங்கும் தன்மையுடையது. கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டாதீர்கள், அதன் பசை சில ஆண்டுகளில் எழுத்தையே தின்றுவிடும். லமினேற் செய்யவும் வேண்டாம். மடிப்பை விரித்து, தட்டையாக, நிலத்தில் படாமல், வெயில் நேரே படாத இடத்தில் வையுங்கள். கறையானும் இராமபாணப் பூச்சியும் இருக்கின்றனவா என்று மாரிக்கு முன்னும் பின்னும் பாருங்கள். பழைய ஆட்கள் ஏட்டுக் கட்டோடு வேப்பிலையும் நொச்சியும் உலர்த்தி வைத்தார்கள். தாளோடு நேரே படாமல் துணியில் முடிந்து வைக்கலாம்.

வாசிகசாலைக்குக் கொண்டுவந்தால், படியெடுத்தபின் மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவோம். யாருடைய வீட்டிலிருந்து வந்தது, எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை ஒரு துண்டில் எழுதி உள்ளே வைத்துக்கொண்டு வாருங்கள். மழை நாளென்றால் பொலித்தீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டாமல் கையில் கொண்டு வாருங்கள்.